செய்ததைச் சொல்லி நன்றி கூறுதல்: வீட்டிலும் வீதியிலும் பின்பற்றத்தக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கியபோது, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தனியே இருந்த எங்கள் பெரியம்மாவை, இடுப்பளவு நீர் நின்ற வீட்டிலிருந்து தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து பாடசாலைக் கட்டடம் ஒன்றில் சேர்ப்பித்தவர் ஒரு மீனவர். அவர் எங்களுக்கு உறவினரும் அல்லர்; ஊரவரும் அல்லர். அன்றைய பதற்றத்தில் நாங்கள் அவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு, நாளை போகலாம், அடுத்த கிழமை போகலாம் என்று தள்ளிப்போட்டு, ஏழு மாதங்கள் கழித்தே அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். முற்றத்து வேப்பமரத்தின் கீழிருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் கையை நிறுத்திவிட்டு, "மனிசி சுகமா இருக்காவா, மனே? ஒருத்தரும் வந்து சொல்லல்லயே எண்டு இருந்திச்சு" என்றார்.

தாம் ஏற்றிவந்த உயிர் என்னவாயிற்று என்ற செய்திக்காக அந்த மனிதர் ஏழு மாதங்கள் காத்திருந்திருக்கிறார். உதவி பெற்றவர், அந்த உதவி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை உதவியவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பதை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். அந்தச் செய்தியோடு சேர்த்துச் சொல்லப்படும்போதே 'நன்றி' என்ற சொல் நிறைவு பெறுகிறது. அதனை எவ்வாறு சொல்வது, யாரிடம் சொல்வது, எங்கே சொல்லாமல் இருப்பது என்பவற்றை நம் ஊர் வழக்கங்களோடு சேர்த்துப் படிப்படியாகக் கீழே தருகிறேன்.

முதற்படி: செய்ததை அறிதல்

திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். அங்கே 'நன்றி' என்பது பிறர் நமக்குச் செய்த நன்மையைக் குறிக்கிறது. 'காலத்தினாற் செய்த நன்றி' என்று வள்ளுவர் சொல்லும்போது, உற்ற வேளையில் செய்யப்பட்ட உதவியையே சொல்கிறார். இன்று நாம் வாயால் கூறும் உபசாரச் சொல்லாக அது ஆகியிருந்தாலும், அதிகாரத் தலைப்பில் உள்ள 'அறிதல்' என்ற சொல்லை நாம் கைவிடலாகாது. அறியாத ஒன்றுக்கு நன்றி சொல்ல முடியாது.

நம்முடைய ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் பேருந்தில் ஒருவர் தம்முடைய பையை மடியில் வைத்து நமக்கு இடம் விட்டிருப்பார். வீட்டில் ஆள் இல்லாத வேளையில் வந்த தண்ணீர்ப் பட்டியலை அயல்வீட்டு அம்மா வாங்கி, மழையில் நனையாமல் யன்னலில் செருகி வைத்திருப்பார். வயல்காரராக இருந்தால், கடைசி வரவை (வயல் துண்டு) வரைக்கும் தண்ணீர் வருகிறதா என்று இரவிலும் வாய்க்கால் வழியே நடந்து பார்த்துவிட்டுப் போகும் நீர்ப் பொறுப்பாளரான வட்டவிதானையை நினைத்துப் பாருங்கள். பெரும்போகம் முழுவதும் அவர் நடந்த நடையை, தண்ணீர் வராத அன்று மட்டுமே நாம் பேசுகிறோம்.

இதற்குரிய பயிற்சி எளிது. இரவில் படுக்கப்போகுமுன், அன்று நமக்கு உதவிய மூவரை நினைத்துப் பார்த்து, அவர்களுள் எவருக்கு இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிழமை இதனைச் செய்தால், கண்ணில் படாதிருந்த பலர் கண்ணில் படத் தொடங்குவார்கள்.

இரண்டாம் படி: நின்று, முறை சொல்லி அழைத்தல்

மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே, தலைக்கவசத்தைக் கழற்றாமல், இயந்திரத்தையும் நிறுத்தாமல், கையை உயர்த்தி 'தேங்ஸ் அண்ணே' என்று கத்திவிட்டுப் போவது நம் வீதிகளில் நாள்தோறும் காணும் காட்சி. வழிவிட்டவருக்கு அது போதும். பழுதான சைக்கிளை ஒரு கட்டை தூரம் தள்ளிக்கொண்டு வந்து உதவியவருக்கு அது போதாது. இறங்குங்கள், தலைக்கவசத்தைக் கழற்றுங்கள், கைபேசியைச் சட்டைப்பையில் போடுங்கள், அவர் முகத்தைப் பார்த்து நில்லுங்கள். இதற்கு அரை நிமிடமும் செல்லாது.

அடுத்து, அழைக்கும் முறை. பெயர் தெரியாதவரிடமும் முறை சொல்லிப் பேசும் பண்பு நம் மொழிக்கு வாய்த்த செல்வம். ஐயா, அம்மா, அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி என்ற சொற்களில் ஒன்றை முதலில் வைத்தாலே பின்வரும் வார்த்தை உறவோடு போய்ச் சேரும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் உள்ள முஸ்லிம் அன்பர்களிடம் காக்கா (அண்ணன்), ராத்தா (அக்கா) என்று அழைப்பது அவர்களுக்கும் இதமாக இருக்கும். நம்மிலும் இளையவராக இருந்தாலும் புதியவரிடம் 'நீ' என்று தொடங்காதிருப்பதே நல்லது. வயதில் மூத்த ஒரு தொழிலாளியை, அவர் செய்யும் தொழிலைக் காரணமாக வைத்து ஒருமையில் அழைத்துவிட்டு, அதன்பின் எத்தனை முறை நன்றி கூறினாலும் அது அவர் மனத்தில் ஒட்டாது. இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

மூன்றாம் படி: செய்ததைச் சொல்லுதல்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படியிலேயே உள்ளது. 'மிக்க நன்றி', 'எல்லாத்துக்கும் நன்றி' என்பவை கேட்பவரிடம் தங்குவதில்லை. எதற்கு என்று அவருக்கே விளங்காமல் போகலாம். நன்றி கூறும்போது மூன்று செய்திகள் வரவேண்டும். அவர் என்ன செய்தார், அதனைச் செய்ய அவர் எதனை விட்டுக்கொடுத்தார், அதனால் நமக்கு என்ன விளைந்தது.

ஒரு மாணவி தன் ஆசிரியைக்குச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். "டீச்சர், நன்றி" என்று சொல்லிவிட்டுப் போகலாம். "டீச்சர், சோதனைக்கு முதல் மூண்டு சனிக்கிழமை உங்கட வீட்டு வேலையையும் விட்டுட்டு எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தீங்க. அண்டைக்குச் சொல்லித் தந்த மாதிரிக் கேள்வி வந்தது, நான் செய்திட்டன்" என்றும் சொல்லலாம். இரண்டாவதைக் கேட்கும் ஆசிரியை, அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்கும் சனிக்கிழமைகளைக் கொடுப்பார். நான் கண்டவரையில், நம் ஊரில் உதவி செய்து சலித்துப்போனவர்கள் பெரும்பாலும், தம்முடைய உதவி என்னவாயிற்று என்பதை ஒருபோதும் கேள்விப்படாதவர்கள்.

விளைவு உடனே தெரியாத உதவிகள் உண்டு. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஒருவர் கடிதம் எழுதித் தந்திருப்பார். வேலைக்காக ஒருவர் இன்னொருவரிடம் பரிந்து பேசியிருப்பார். இரத்தம் தேவைப்பட்ட இரவில் யாரோ ஓடிவந்து கொடுத்திருப்பார். அத்தகைய உதவிக்கு இருமுறை நன்றி சொல்லவேண்டும்: பெற்ற அன்று ஒருமுறை, முடிவு தெரிந்த அன்று ஒருமுறை. முடிவு சாதகமாக அமையாவிட்டாலும் சொல்லவேண்டும். "அந்த வேலை கிடைக்கல்ல அண்ணன், ஆனா நீங்க சொன்னபடியாத்தான் நேர்முகத்துக்காவது கூப்பிட்டாங்க" என்ற ஒரு தொலைபேசி அழைப்பு, அவரை நம்மோடு நிறுத்தி வைக்கும். வேலை கிடைக்கவில்லை என்ற வெட்கத்தில் அவரைக் கண்டும் காணாமல் போவதே நம்மவர் பலர் செய்யும் பிழை.

நான்காம் படி: சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

நம்முடைய முதியவர்கள் 'நன்றி' என்ற சொல்லை அன்றாடம் பயன்படுத்தியவர்கள் அல்லர். "நல்லா இருப்பாய் மனே", "உனக்குப் பெரிய புண்ணியம் கிடைக்கும்" என்பவையே அவர்களுடைய வாயில் வந்தன. அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்வதால், இவ்வகைச் சொற்களை மூன்று வழியாகவும் நாம் கேட்கிறோம். முஸ்லிம்கள் 'ஜஸாகல்லாஹு ஹைரன்' என்பார்கள். அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி வழங்குவானாக என்பது அதன் பொருள். சிங்கள முதியவர்கள் 'பொஹொம பின்' என்பார்கள். மிகுந்த புண்ணியம் என்று பொருள். நம்முடைய 'புண்ணியம்' என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றும் ஒரே மனநிலையிலிருந்து பிறந்தவை என்பது தெளிவாகும். 'உங்களுக்கு ஈடு செய்ய என்னால் இயலாது. என்னிலும் பெரிய ஒன்று ஈடு செய்யட்டும்' என்று இந்த மக்கள் அனைவரும் தத்தம் மொழியில் வேண்டிக்கொள்கிறார்கள். இதனை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

ஆகவே, எந்தச் சொல் சரி என்ற வாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கூட்டத்திலும் கடிதத்திலும் 'நன்றி' பொருந்தும். வயதானவர்கள் இளையவர்களை வாழ்த்துவது பொருந்தும். இளையவர்கள் முதியவரைப் பார்த்து 'நல்லா இருங்க' என்பது பொருந்தாது. "பெரிய உதவி செய்தீங்க ஐயா" என்று சொல்லலாம். 'தேங்ஸ்' என்ற சொல்லை நான் வெறுக்கவில்லை. கடையில் மிச்சக் காசை வாங்கும்போது அது இயல்பாக இருக்கிறது. பெரிய உதவிக்கு அது சிறிய சொல்லாகப்படுகிறது என்பதே என் கருத்து.

அயலவரின் மொழியில் சொல்ல விரும்புவோர் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். அரபுச் சொற்றொடரைப் பெண்ணிடம் கூறும்போது 'ஜஸாகில்லாஹு' என்று வரும். சிங்களத்தில் 'ஸ்துதியி' என்பது எவரிடமும் சொல்லத்தக்கது. உச்சரிப்புப் பிழைத்தாலும் குறையில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே திருத்தித் தருவார்கள். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்ற நபிமொழியை முஸ்லிம் நண்பர்கள் பலர் எடுத்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஐந்தாம் படி: கையும் பாத்திரமும்

கொடுப்பதையும் வாங்குவதையும் வலக்கையால் செய்யவேண்டும். பெரியவர்களிடம் இரு கைகளாலும் வாங்கவேண்டும். சித்திரைப் புத்தாண்டில் கைவிசேடம் பெறும் பிள்ளைகள், வெற்றிலையோடு வரும் அந்தக் காசை இரு கைகளாலும் ஏந்திப் பணிந்து வாங்குவதும், எவ்வளவு என்று அவ்விடத்தில் எண்ணிப் பாராதிருப்பதும் இதற்கு நல்ல பயிற்சி. அன்பளிப்புப் பொதியைக் கொடுத்தவர் முன்னால் பிரிப்பதா என்று சிலர் கேட்கிறார்கள். நம் வழக்கில் பிரிப்பதில்லை. கொடுத்தவரே பிரித்துப் பார்க்கச் சொன்னால் பிரித்து, உள்ளே இருப்பதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

பாத்திரத்தைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் அம்மாவின் குசினியில், ஓரத்தில் நெளிந்த ஒரு வெள்ளிரும்புக் கிண்ணம் இருந்தது. அது எங்களுடையதா, அடுத்த வீட்டாருடையதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது; அது வேலியின் இருபுறமும் நடந்துகொண்டேயிருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து சுறாப் புட்டு நிறைந்து வரும். அம்மா அதனை உடனே திருப்பிக் கொடுக்கமாட்டார். கழுவி, துடைத்து, கவிழ்த்து வைப்பார். இரண்டு நாள் கழித்து முருங்கைக்காய் பறித்த அன்றோ, பலகாரம் சுட்ட அன்றோ அது நிறைந்து போகும். ஒன்றும் இல்லாத நாளில், பாத்திரம் அவர்களுக்குத் தேவைப்பட்டால், ஒரு பிடி சீனியோ, நாலு பச்சை மிளகாயோ போட்டுத்தான் கொடுப்பார். வெறும் பாத்திரத்தைக் கொடுக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு விளக்கம் எதுவும் அவர் சொன்னதில்லை.

இப்போது உணவு பிளாஸ்டிக் பெட்டிகளில் வருகிறது. அப்பெட்டிகள் திரும்பிப் போவதில்லை. பெட்டி மலிவானது என்பதால் அதனோடு போகவேண்டிய மறுமொழியும் போகாமல் நின்றுவிட்டது. ஆகவே இந்தப் படியில் நான் கேட்பது ஒன்றே: வந்த பெட்டியைக் கழுவி, ஒரு கிழமைக்குள், ஏதாவது ஒன்றோடு திருப்பிக் கொடுங்கள். வாங்கிய விலைக்கு நிகராகக் கொடுக்க முயலவேண்டாம். நிகராகக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். தைப்பூசத்தன்று புதிர் (புது அரிசிச் சோறு) சமைக்கும் வீட்டார், வயலில் உதவியவருக்குப் புது அரிசியில் ஒரு கொத்துக் கொடுப்பது அழகு. அதன் விலை யாருக்கும் பொருட்டாகாது.

ஆறாம் படி: சம்பளத்துக்குச் செய்பவருக்கும் சொல்லுதல்

"அவர் சம்பளத்துக்குத்தானே செய்கிறார்" என்ற வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இலங்கையில் அரச பாடசாலைக் கல்வியும் அரச வைத்தியசாலைச் சிகிச்சையும் இலவசம் என்பதால், அவை நமக்கு உரித்தானவை என்ற எண்ணம் வலுவாக உள்ளது. அந்த எண்ணம் சரியானதே. உரிமையைப் பெறுவதற்கு எவரிடமும் குழையத் தேவையில்லை. ஆயினும், அதே சம்பளத்துக்கு முகம் சுளித்துச் செய்பவரும் உண்டு, முகம் மலர்ந்து செய்பவரும் உண்டு. நாம் நன்றி கூறுவது அந்த மலர்ந்த முகத்துக்கு.

என் தந்தையார் ஓர் அரச வைத்தியசாலையில் பதினொரு நாட்கள் தங்கியிருந்தபோது, அவரைத் தள்ளுவண்டியில் படம் பிடிக்கக் கொண்டுசென்ற சிற்றூழியர் அம்மா ஒருவர், வெயில் படாதபடி தம்முடைய கையை அவர் முகத்துக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டே நடந்தார். வீடு திரும்பும் அன்று நான் அவர் கையில் காசை வைத்தேன். அவர் அதனை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அரச ஊழியருக்குக் காசு கொடுப்பது அவரை இக்கட்டில் மாட்டிவிடும் என்பதையும், அவர் விரித்துப் பிடித்த கைக்கு நான் விலை வைத்துவிட்டேன் என்பதையும் அப்போது நான் எண்ணவில்லை.

இவ்விடத்தில் செய்யவேண்டியது வேறு. அவருடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் செய்ததை அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பிறகு, நிறுவனத் தலைவருக்கு, வைத்தியசாலையாயின் வைத்திய அத்தியட்சகருக்கு, பிரதேச செயலகமாயின் பிரதேச செயலாளருக்கு, ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். திகதி, விடுதி அல்லது பிரிவு, ஊழியரின் பெயர், அவர் செய்த காரியம், அதனால் நீங்கள் அடைந்த நிம்மதி என்பவை இருந்தால் போதும். முறைப்பாட்டுக் கடிதம் எழுத நமக்கு எப்போதும் நேரம் கிடைக்கிறது; பாராட்டுக் கடிதமும் அதே தாளில், அதே முத்திரையில்தான் போகிறது.

பேருந்தில் 'இறக்கம்' என்று குரல் கொடுத்து இறங்கும்போது நடத்துநருக்கு ஒரு தலையசைப்பு, முச்சக்கரவண்டிக்காரருக்குக் காசு கொடுக்கும்போது ஒரு சொல், உணவகத்தில் மேசை துடைக்கும் பையனுக்கு ஒரு புன்னகை. இவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஏழாம் படி: வீட்டுக்குள்

மிகக் கடினமான படி இது. அம்மாவிடம் 'நன்றி' என்றால், "நான் என்ன பிறத்தியாளா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உரிமையோடு செய்ததை உபசாரமாக மாற்றிவிட்டோமோ என்ற வருத்தம் அது. அதற்காக ஒன்றும் சொல்லாமல் ஆயுள் முழுவதும் சாப்பிட்டு எழும்புவதும் நியாயமாகாது.

வீட்டுக்குள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, மூன்றாம் படியில் சொன்னதை மட்டும் செய்யுங்கள். "இண்டைக்கு மீன்கறி நல்ல வாய்க்கு இருந்திச்சு" என்பதும், "விடிய நாலு மணிக்கு எழும்பி எனக்குச் சாப்பாடு கட்டித் தந்தபடியா வழியில பசிக்கல்ல" என்பதும் நன்றியே. கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும், பெற்றோர் பிள்ளைக்கும் இவ்வாறு சொல்லவேண்டும். கிணற்றில் தண்ணீர் அள்ளி வைத்த பத்து வயதுப் பிள்ளையிடம் அதனைக் கண்டதாகச் சொல்லும் வீட்டில், அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்லத் தனியாகக் கற்பிக்கத் தேவைப்படாது. விருந்தினர் முன் "தேங்ஸ் சொல்லு, தேங்ஸ் சொல்லு" என்று பிள்ளையின் தோளை இடித்துச் சொல்லவைப்பதைத் தவிருங்கள். பிள்ளை அப்போது கற்றுக்கொள்வது வெட்கத்தை மட்டுமே.

எட்டாம் படி: நன்றியை ஏற்றுக்கொள்ளுதல்

யாராவது நமக்கு நன்றி கூறினால், "சீச்சீ, இதெல்லாம் என்ன" என்று தள்ளிவிடுவது பணிவு என்று கருதுகிறோம். நெடுநேரம் யோசித்துச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தவருக்கு அது கதவை அடைத்தது போலாகிவிடும். "உங்களுக்கு உதவியது சந்தோசம்" என்றோ, "ஓம், நல்லபடியா முடிஞ்சதே, அது போதும்" என்றோ சொல்லி, அவர் சொல்ல வந்ததை முழுவதும் கேளுங்கள்.

நன்றி சொல்லக் கூடாத இடங்கள்

செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்கு அங்கே நன்றி சொல்லுவதில்லை. வந்தவர்களும் 'போயிட்டு வாறன்' என்று விடைபெறாமல் எழுந்து போய்விடுவார்கள். அந்த மௌனத்தைக் குலைக்கவேண்டாம். பாடை கட்டியவர், பந்தல் போட்டவர், மூன்று நாள் தேநீர் ஊற்றியவர் ஆகியோருக்குரிய நன்றியை 31ஆம் நாள் நினைவு மலரிலும் பத்திரிகையிலும் 'நன்றி நவிலல்' என்று வெளியிடுவது நம் வழக்கம். அச்சிட்ட 'நேரிலும் தொலைபேசியிலும் அனுதாபம் தெரிவித்த அனைவருக்கும்' என்ற வரியோடு நிறுத்திவிடாமல், மிக நெருங்கி நின்ற நாலைந்து பேருடைய வீடுகளுக்குக் குடும்பத்தவர் ஒருவர் நேரில் போய்வருவது நல்லது.

கடன் கேட்கப் போகும் இடத்தில், பழைய உதவிக்கு நன்றி கூறித் தொடங்காதீர்கள். அந்த நன்றி தூண்டில் இரையாகத் தோன்றும். பலர் முன்னிலையில் ஒருவரின் பண உதவியை வெளிப்படுத்துவதும் கூடாது. கொடுத்தவர் அதனை மறைக்க விரும்பியிருக்கலாம், அவரிடம் நாளை நூறு பேர் போய் நிற்கவும் கூடும்.

பிந்திப்போன நன்றி

ஆண்டுகள் கடந்துவிட்டன, இனி எந்த முகத்தோடு போவது என்று நினைப்பவர்களுக்காக இதனை எழுதுகிறேன். போங்கள். தொலைபேசியில் தொடங்காமல் நேரில் போங்கள். மதியச் சாப்பாட்டு வேளையைத் தவிர்த்து, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் போதும். காசு உறை வேண்டாம். பிந்தியதற்கான காரணங்களை ஒரு வாக்கியத்துக்கு மேல் நீட்டவேண்டாம், ஏனென்றால் காரணங்கள் நீளும்போது அவர் நம்மைத் தேற்றும் நிலைக்கு வந்துவிடுவார். உதவி பெற்றவர் உயிரோடு இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்; இயலாவிட்டால் அவருடைய படம் ஒன்றைக் கைபேசியில் கொண்டுபோங்கள்.

பெரியம்மாவை நான் இரண்டாம் முறை கூட்டிக்கொண்டு போனேன். தோணிக்காரரின் மனைவி வட்டாவில் வெற்றிலை கொண்டுவந்து வைத்தார். பெரியம்மா பாக்கை வெட்டிக்கொண்டே, தோணியில் ஏறும்போது தம்முடைய ஒரு செருப்பு நீரோடு போனதைச் சொன்னார். தோணிக்காரர், "மத்தச் செருப்ப நீங்க விடவே இல்ல, கையில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வந்தீங்க" என்று நினைவுபடுத்தினார். அந்த ஒற்றைச் செருப்பைப் பற்றி இருவரும் இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.